வெயிலில் பிறந்த பனிக்கால இசை

நத்தார் காலத்தில் உலகெங்கும் ஒலிக்கும் ‘ஸ்லே ரைட்’ என்ற சிறிய இசைக்கோவை, கடும் வெயிலில், சொந்த வீடில்லாத ஒருவரின் மனதில் உருவானது.

அமெரிக்கரான லெரோய் அண்டர்சன், சுவீடனிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1908இல் பிறந்தவர். ஹாவர்டில் இசை கற்றார். பல மொழிகள் தெரிந்தவர் என்பதால், இரண்டாம் உலகப் போரில் ஐஸ்லாந்தில் இராணுவ மொழிபெயர்ப்பாளரானார். பின்னர் பென்டகனில் புலனாய்வுப் பணி.

போர் முடிந்தது. குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. 1946 கோடையில் மனைவி, மகளுடன் கனெக்ரிகட் மாநிலத்தின் வூட்பெரியில், மாமியாரின் சிறு வீட்டில் தங்கினார். மழை பொய்த்திருந்தது. ஊற்றுநீர் வந்த பழைய குழாய்களைத் தேடி நிலத்தைத் தோண்டிய அந்த நாட்களில்தான், பனியில் விரையும் குதிரைவண்டி அவர் மனதில் ஓடத் தொடங்கியது.

1948 பெப்ரவரியில் எழுதி முடித்தார். மே மாதம் ஆர்தர் பீட்லர் தலைமையில் பொஸ்டன் பொப்ஸ் இசைக்குழு அரங்கேற்றியது. ஏறக்குறைய மூன்று நிமிடங்கள். துள்ளலான விரைவு நடை, பி பிளாட் மேஜர் சுருதி. சலங்கை மணிகள், சவுக்கின் சொடுக்கு, மரக்கட்டைகளில் குளம்பொலி, முடிவில் ட்ரம்பெட்டில் குதிரையின் கனைப்பு. போரின் களைப்போ வறட்சியின் கவலையோ அதில் துளியும் கேட்காது.

அதே வூட்பெரியில் பின்னர் சொந்த வீடு கட்டினார். 1975இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.