ஏடு தேடிய நில அளவையர்

தமிழக வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் மறவாது நினைக்க வேண்டிய பெயர் கர்னல் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் வடமேற்கே, லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவே என்னும் ஊரில் 1754ஆம் ஆண்டு பிறந்தார். மடக்கைக் கணக்கைக் கண்டறிந்த ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுத விழைந்த நேப்பியர் பிரபுவுக்குத் துணைநின்றபோது, இந்தியரின் கணித அறிவைப் பற்றி அறியும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது.

1783இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பணி ஏற்றுச் சென்னைக்கு வந்தார். மதுரையில் வாழ்ந்த நேப்பியர் பிரபுவின் மகளார் எஸ்தர், அங்கிருந்த அறிஞர்களை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். தென்னாட்டின் தொன்மைச் சான்றுகளைத் திரட்டும் எண்ணம் அங்கேதான் அரும்பிற்று.

பாரமகால் நாடு ஆங்கிலேயர் வசமாவதற்குக் காரணமான 1790-92 மைசூர்ப் போரில் அவரும் பணியாற்றினார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர் மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு அவரை வந்தடைந்தது. நிலத்தை அளந்ததோடு அவர் அமையவில்லை; ஊர் வரலாறுகள், ஓலைச்சுவடிகள், கல்வெட்டுகள், காசுகள் ஆகியவற்றையும் தேடித் தொகுக்கச் செய்தார். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையரானார்.

எனினும், இந்நாட்டு மொழிகளில் அவர் புலமை பெற்றவரல்லர். அவருக்குக் கண்ணும் செவியுமாய் விளங்கியவர்கள் இந்நாட்டறிஞர்களே. அவர்களுள் தலையாயவர் காவலி வெங்கட போரய்யா. அவர் 1803இல் இளமையிலேயே மறைய, தம்பி இலட்சுமய்யா அப்பணியைத் தொடர்ந்தார்.

1821 மே 8ஆம் நாள் மெக்கன்சி வங்கத்தில் காலமானார். அவர் தொகுப்பைக் கம்பெனி 10,000 பவுன் கொடுத்து வாங்கிற்று. 1828இல் வில்சன் வெளியிட்ட அட்டவணை, 1,568 சுவடிகளையும் 8,076 கல்வெட்டுப் படிகளையும் கணக்கிட்டுக் காட்டிற்று. ஆயின், அத்தேடலைத் தாமே தலைமையேற்று நடத்த முன்வந்த இலட்சுமய்யாவின் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. இந்தியர் ஒருவர் ஏவலராகலாம், ஆய்வாளராகவியலாது என்பதே அந்நாளைய ஆட்சியாளர் எண்ணம் போலும்!

அத்தொகுப்பின் ஒரு பகுதி இலண்டன் சென்றது. ஒரு பகுதி சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இடம்பெற்றது. நடுகற்கள் நிறைந்த தருமபுரி மண்ணில் ஊர்தோறும் வரலாறு உறங்குகிறது. அதனைத் தேடிப் புறப்படுவோர் மெக்கன்சியின் ஊக்கத்தைக் கைக்கொள்க. காவலி உடன்பிறந்தாரின் உழைப்பையும் உடன் நினைக்க. ஊரறிந்த முதியோரிடம் கேட்டு எழுதும்போது, சொன்னவர் பெயரையும் சேர்த்தெழுதுவதே அவர்கட்கு நாம் செலுத்தும் கடனாகும்.