தோற்றவருக்கும் ஒரு நாற்காலி

விருதுநகர் ஈன்ற பெருந்தலைவர் காமராசரைப் பற்றி எழுதாத மலர் நம் பக்கத்தில் இராது. பள்ளிகளையும் மதிய உணவையும் யாவரும் அறிவர். அவர் தம்மோடு பணியாற்றியவர்களை நடத்திய விதத்தையே நான் இங்கு எழுத விழைகிறேன்.

1903 சூலை 15-இல் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமன் துணிக்கடையில் வேலைக்கு நின்றார். பின்னர் விடுதலைப் போராட்டம், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுச் சிறை. 1936-இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரசுத் தலைவரானபோது இவர் செயலாளர். 1940-இல் இவர் தலைவரானார், சத்தியமூர்த்தி செயலாளரானார். பதவி இடம் மாறியும் அவரை ஆசானாகவே போற்றி வந்தார்.

1954 மார்ச்சில் இராசாசி முதலமைச்சர் பொறுப்பிலிருந்து விலக, சட்டமன்றக் காங்கிரசுக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராசருக்கு 93 வாக்குகள், சுப்பிரமணியத்திற்கு 41.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் விடுமுறைக்குக் கணக்கெழுதப் போயிருந்தேன். முதலாளிக்கு வேண்டாதவராகிவிட்ட போர்மேன் ஒருவர் அங்கிருந்தார். முதலாளி அவரை ஒருநாளும் ஏசியதில்லை. அவர் வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவே. அது போதுமானதாக இருந்தது. நேற்று வந்த பையன்கள்கூட அவரைப் பட்டப்பெயர் வைத்து அழைத்தார்கள். குழாய்க்கட்டு எண்ணிக்கை குறைந்தால் பழி அவர் தலையில் விழுந்தது. இரண்டே மாதத்தில் மனிதர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

கோட்டையிலும் அப்படி நடந்திருக்கலாம். தோற்றவரை ஒதுக்கினால் கட்சியில் கேட்பார் யார்? ஆனால் ஏப்ரல் 13-இல் காமராசர் பதவியேற்றபோது, அவரோடு சேர்த்து எட்டே பேர் கொண்ட அமைச்சரவையில் சுப்பிரமணியமும் இருந்தார், பக்தவத்சலமும் இருந்தார். அதுவும் ஒப்புக்குத் தந்த இலாகா இல்லை. நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்திடமே இருந்தன. இராசாசியின் கல்வித் திட்டம் கைவிடப்பட்டதை மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தவரும் அவரே. அத்திட்டத்தின் பெயரால் அவரைத் தலைகுனிய வைத்திருக்கலாம். மாறாக, பின்னர் பள்ளிகள் பெருகியதில் அவருக்கும் பெயர் கிடைத்தது.

இதில் அரசியல் கணக்கு இருந்தது என்பாரும் உண்டு. இருக்கட்டுமே! போட்டியாளரை அருகில் வைத்துக்கொள்வது சாதுரியம்தான். ஆனால் வெறும் சாதுரியம் எட்டாண்டு நிலைக்குமா? 1962-இல் நடுவண் அமைச்சராகத் தில்லி செல்லும் வரை சுப்பிரமணியம் அந்த அமைச்சரவையில் நீடித்தார்.

1963 அக்டோபர் 2-இல் கட்சிப் பணிக்காகக் காமராசர் தாமே பதவி விலகினார். அந்த நாற்காலியில் அடுத்து அமர்ந்தவர், 1954-இல் எதிராளியின் பெயரை முன்மொழிந்த அதே பக்தவத்சலம்.