சொட்டை ஆண்ட கை: ஓவியர் ஜாக்சன் பொலாக்

காசிமேட்டில் கரையேற்றிய படகுகளுக்கு எனாமல் பூசும் நாள்களில், படகின் அடியில் வண்ணச் சொட்டுகள் சிதறிக் கிடப்பதை வடசென்னையில் வாழும் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பூசுபவர்க்கு அச்சொட்டு வீணாய்ப்போன பெயின்ட்; கைத்தவறு. அதே எனாமலின் சொட்டையும் ஒழுக்கையும் தம் கலையாகக் கொண்டவர் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொலாக். கட்டற்ற கவிதை எது, கட்டுக்குலைந்த கவிதை எது எனப் பத்தாண்டுகளாக வழக்காடி வரும் நம் வட்டத்தினர்க்கு அவர் வாழ்வு எண்ணிப் பார்க்கத் தக்கது.

பொலாக் 1912 ஜனவரி 28 அன்று வயோமிங் மாநிலத்தில் கோடி என்னும் ஊரில், ஐந்து ஆண்மக்களுள் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும் வளர்ந்தார். 1930இல் நியூயார்க் சென்று தாமஸ் ஹார்ட் பென்டனிடம் ஓவியம் பயின்றார். பென்டன் நாட்டுப்புற வாழ்வை உருவங்களாகத் தீட்டியவர். உருவம் பின்னாளில் மாணவரை விட்டு நீங்கினும், ஆசானிடம் கற்ற தாளம் நீங்கவில்லை.

1936இல் மெக்சிகோ நாட்டுச் சுவரோவியர் சிக்கெய்ரோஸ் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில் பொலாக் சேர்ந்தார். அங்கே கார்களுக்குப் பூசும் லாக்கரை ஊற்றியும் தெளித்தும் வழியவிட்டும் சோதனை செய்தனர். ஆலைகளுக்கென உருவான வண்ணம் ஓவியத்திற்கும் ஆகும் என்பதை அவர் கண்டது அங்கேதான்.

ஒழுகும் வண்ணத்தால் பரப்பு முழுவதையும் நிரப்பும் முறையில் அவர்க்கு முன்னோடியாக நின்றவர் ஒரு பெண். உக்ரைனில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ஜேனட் சோபெல், ஓவியப் பள்ளி எதிலும் பயிலாத இல்லத்தரசி. அவருடைய ஓவியங்களைப் பொலாக் 1940களின் நடுவில் கண்டார். கலை வரலாறோ சோபெலை நெடுங்காலம் மறந்தே இருந்தது.

1945இல் பொலாக் ஓவியர் லீ கிராஸ்னரை மணந்தார். இருவரும் லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் குடியேறினர். வீட்டருகே இருந்த களஞ்சியக் கொட்டகை பொலாக்கின் ஓவியக்கூடமாயிற்று. வீட்டுக்குள் மாடியறை ஒன்றே கிராஸ்னருக்கு வாய்த்தது.

அக்கொட்டகையில் 1947இல் தொடங்கியதே சொட்டோவிய முறை. குழாயில் அடைத்து வரும் எண்ணெய் வண்ணம் கெட்டியானது. டர்ப்பன்டைன் கலந்து இளக்கினாலன்றி ஒழுகாது. இளக்கிய வண்ணமும் நிறுத்திவைத்த கித்தானில் கீழ்நோக்கியே வழியும். ஆகவே அவர் கித்தானைத் தரையில் விரித்தார். எண்ணெய் வண்ணத்தோடு, வீடுகளுக்குப் பூசும் எனாமலையும் அலுமினிய பெயின்ட்டையும் எடுத்துக்கொண்டார். குச்சியாலும் விறைத்துப்போன தூரிகையாலும் வண்ணத்தை அள்ளி, கித்தானைச் சுற்றி நடந்தபடியே மேலிருந்து ஒழுகவிட்டார். பெரும்பாலும் தூரிகை கித்தானைத் தொடுவதில்லை. கை விரைந்தால் கோடு மெலியும்; தயங்கினால் வண்ணம் தேங்கும். உயரத்திலிருந்து தேனை ஊற்றினால் அது சுருண்டு சுருண்டு விழுவதை நாம் அறிவோம். பொலாக்கின் கோடுகள் பெரும்பாலும் அவ்வாறு சுருளவில்லை. கையின் உயரத்தையும் விரைவையும் பொருத்தி அவர் அதனைத் தவிர்த்தார் என 2019இல் வெளிவந்த பாய்ம இயற்பியல் ஆய்வு ஒன்று காட்டியுள்ளது.

தமிழர்க்கு இது முற்றிலும் புதிதன்று. இழைக்கோலம் இடும் பெண், மாக்கரைசலில் நனைத்த துணியை விரல்களுக்குள் அடக்கி, மோதிர விரலின் வழியே மாவை ஒழுகவிடுகிறாள். அவளும் தரையையே பரப்பாகக் கொள்கிறாள்; அவளும் சுற்றி நகர்ந்தே வரைகிறாள். அமெரிக்கப் பழங்குடியினர் தரையில் மணலைச் சொரிந்து வரையும் ஓவியங்களுக்கும் தம் முறைக்கும் உள்ள உறவைப் பொலாக்கே ஒப்புக்கொண்டார்.

இனிக் கூறப்போவது கவிஞர்கள் கருதத் தக்கது. பொலாக் இளமை முதலே குடிக்கு அடிமை. 1938இல் அதற்காக மருத்துவமனையிலும் இருந்தார். அவ்வோவியங்களைக் காண்போர், போதையில் கண்டபடி வீசிய வண்ணம் என எளிதில் எண்ணக்கூடும். உண்மை நேர்மாறானது. உள்ளூர் மருத்துவர் ஒருவரின் துணையோடு 1948இன் பிற்பகுதி முதல் 1950 நவம்பர் வரை அவர் குடியை விட்டிருந்தார். ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமுடைய 'இலையுதிர்காலத் தாளம்' உள்ளிட்ட மாபெரும் ஓவியங்கள் பிறந்தது அக்காலத்திலேதான். குடி அவர்க்குக் கலையைத் தரவில்லை. கலையை அவரிடமிருந்து பறித்தது.

1950 இலையுதிர்காலத்தில் ஹான்ஸ் நமுத் என்னும் ஒளிப்படக் கலைஞர், பொலாக் ஓவியம் தீட்டுவதைத் திரைப்படமாக்கினார். தன்னை மறந்து செய்த செயலைக் கேமராவின் முன் மீண்டும் மீண்டும் செய்ய நேர்ந்தது. படப்பிடிப்பு முடிந்த நாளிலேயே அவர் மீண்டும் குடிக்கத் தொடங்கினார். பின்னரும் சில சிறந்த ஓவியங்கள் பிறந்தன. எனினும் இறுதி ஓராண்டில் வரைவது ஏறத்தாழ நின்றுபோயிற்று. 1956 ஆகஸ்டு 11 இரவு, குடிபோதையில் அவர் ஓட்டிய கார் வீட்டருகே மரங்களில் மோதியது. 44 வயதில் பொலாக் இறந்தார். உடன்வந்த இரு பெண்களுள் 25 வயதினள் ஒருத்தியும் உயிரிழந்தாள். கலைஞனின் கட்டறுந்த வாழ்வைக் காவியமாக்குவோர் அப்பெண்ணையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

அப்போது ஐரோப்பாவில் இருந்த கிராஸ்னர் திரும்பி வந்தார். சில காலத்தில் மாடியறையை விடுத்து அக்கொட்டகையையே தம் ஓவியக்கூடமாக்கிக்கொண்டு, முன்னெப்போதும் இல்லாத பெரிய கித்தான்களில் வரைந்தார், 1984இல் மறைந்தார். பின்னர் அவ்வீடு நினைவகமாயிற்று. கொட்டகைத் தரையில் 1953இல் பரப்பியிருந்த மேல்தளத்தை அகற்றியபோது, அடியில் சொட்டோவியக் காலத்து வண்ணங்கள் அப்படியே வெளிப்பட்டன. கித்தானின் விளிம்பைக் கடந்து விழுந்த சொட்டுகள் அவை.

கித்தானுக்குள் விழுந்தவை ஓவியமாயின. வெளியே விழுந்தவை தரையோடு தங்கின. இரண்டும் ஒரே கையிலிருந்து ஒழுகியவையே. எது உள்ளே நிற்கவேண்டும் என்பதை அறியும் தெளிவு வாய்த்த வரையில் பொலாக் கலைஞராக இருந்தார். யாப்பை விடுத்துக் கவிதை எழுதும் நமக்கும் வேண்டுவது அத்தெளிவேயாகும்.