கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் கிரேஸ் பிறந்தார். ஏழு அகவைச் சிறுமியாய் இருந்தபோது, வீட்டிலிருந்த அலாரக் கடிகாரங்கள் ஏழனையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிவிட்டார் என்பர். முதலாவதை மீண்டும் பூட்டும் வகை தெரியாமல் அடுத்ததைக் கழற்றினார் போலும்! வளர்ந்தபின் வாசர் கல்லூரியிற் பயின்று, யேல் பல்கலைக்கழகத்தில் 1934ஆம் ஆண்டு கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாசரிலேயே ஆசிரியராகவும் விளங்கினார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. கடற்படையிற் சேர விழைந்த அவருக்கு அகவையோ மிகுதி. உடல் எடையோ குறைவு. ஆயினும் விடாது முயன்று 1943ஆம் ஆண்டு சேர்ந்தார். மறு ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த ‘மார்க் 1’ என்னும் கணிப்பொறியில் பணிபுரிய அனுப்பப்பட்டார். அப்பொறியின் நீளம் 51 அடி.

அந்நாளில் கணிப்பொறிக்குரிய கட்டளைகளை எண்களாகவே எழுதுதல் வேண்டும். ஒருவர் எழுதிவைத்த கட்டளைத் தொகுதியைப் பிறர் தம் ஏட்டிற் படியெடுத்துக்கொள்வர். எடுக்குங்கால் எண் பிறழும். புதிய இடத்திற்கேற்ப முகவரி எண்களைக் கூட்டுங்கால் கணக்குப் பிழைபடும். இவ்வேலை பொறிக்கே உரியது என அம்மையார் துணிந்தார். 1952ஆம் ஆண்டில் யூனிவாக் பொறிக்கென ‘ஏ-0’ என்னும் நிரலை ஆக்கினார். சிறு நிரல் ஒவ்வொன்றும் அழைப்பெண் பெற்றுக் காந்த நாடாவில் இருக்கும். வேண்டிய எண்களைக் குறித்துக் கொடுத்தால், பொறியே அவற்றைத் தேடியெடுத்து, முகவரிகளைத் திருத்தி, ஒன்றாக இணைத்துத் தரும். இன்று ‘இணைப்பி’ எனப்படும் மென்பொருளின் முன்னோடி இதுவே எனலாம்.

எனினும் பெருந்தடை ஒன்று எஞ்சியது. ஒரு பொறிக்கு எழுதிய நிரலை மற்றொரு பொறி அறியாது. புதுப்பொறி வாங்கியவர் பல்லாண்டு உழைப்பைக் கைவிட்டு, முதலிலிருந்து எழுத நேர்ந்தது. இதனைக் களையப் பலர் கூடி, அம்மையார் வகுத்த மொழியொன்றைத் தழுவிக் ‘கோபோல்’ என்னும் பொதுமொழியை அமைத்தனர். 1960ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6, 7ஆம் நாள்களில், ஏறத்தாழ ஒரே நிரல் ஆர்.சி.ஏ. 501, யூனிவாக் 2 ஆகிய இருவேறு நிறுவனப் பொறிகளில் இயங்கிக் காட்டிற்று.

பின்னர் நிறுவனந்தோறும் கோபோல் தொகுப்பிகள் எழுந்தன. பெயர் ஒன்றே, பேச்சோ வேறு வேறு! 1966ஆம் ஆண்டு இறுதியில் ஓய்வு பெற்ற அம்மையாரை, இக்குழப்பத்தைத் தீர்க்கவே கடற்படை 1967ஆம் ஆண்டு ஆறு திங்களுக்கென மீண்டும் அழைத்தது. அவ்வாறு திங்கள் பல்லாண்டாக நீண்டது. அவர்தம் குழுவினர் தொகுப்பிகளைச் சோதிக்கும் நிரல்களை ஆக்கினர். உரைகல் ஊருக்கு ஊர் மாறினால் பொன்னின் மாற்றை அறிவது எங்ஙனம்? ஆதலின் சோதனையும் எல்லாப் பொறியிலும் ஒன்றாகவே இயங்குதல் வேண்டும். அதனாற் சோதனைகளைக் கோபோலிலேயே எழுதினர். பொறிக்குப் பொறி வேறுபடும் கருவிப் பெயர் முதலியவற்றை மட்டும் ஏற்றவாறு மாற்றிக்கொள்வர். பொறி கண்ட விடையைச் சரியான விடையோடு நிரலே ஒப்பிட்டுத் தேறியதா, தவறியதா என அச்சிடும். விற்பவர் சொல்லை நம்பி வாங்கும் நிலை அதனால் மாறிற்று.

அம்மையார் 1986ஆம் ஆண்டு, 79ஆம் அகவையில், ரியர் அட்மிரல் என்னும் உயர்நிலையில் ஓய்வுற்றார். 1992ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் மறைந்தார். அவ்வழியில் வளர்ந்த சோதனை நிரல்களைக் கோபோல் தொகுப்பி ஆக்குவோர் இன்றும் இயக்கிப் பார்க்கின்றனர்.