தொழிலாளர்க்குத் துணை நின்ற திரு.வி.க.

திரு.வி. கலியாணசுந்தரனார் என்றதும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடநூல்தான் நினைவுக்கு வரும். அன்னார் நம் பக்கத்து மனிதர். சென்னைக்கு மேற்கே துள்ளம் என்னும் சிற்றூரில் (இன்று தண்டலம்) 1883 ஆகஸ்ட் 26-இல் பிறந்தவர். நம் மார்க்கத்தவர் அல்லர், சைவர். ஆயினும் முதலாளி, தொழிலாளி உறவைப் பற்றிப் பேசும்போது இவரது வாழ்வை நம் குடும்பத்தார் அறிந்திருப்பது நல்லது.

இளமையில் நோயால் படிப்பு தடைப்பட்டது. மீண்டும் படித்து மேலே வந்தபோது, 1904-இல், தம் ஆசிரியர் கதிரைவேற்பிள்ளைக்காக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனதால் இறுதித் தேர்வு தவறிவிட்டது. ஸ்பென்ஸர் கம்பெனியில் கணக்கர் வேலை கிடைத்தது. சுதேசி இயக்கத்தில் மனம் சென்றதால் அதுவும் நிலைக்கவில்லை. மாதச் சம்பளத்தை நம்பி நிற்பவனின் பாடு இன்னதென்று ஏட்டில் படித்து அறிந்தவரல்லர் இவர். பின்பு வெஸ்லி பள்ளியில் ஆசிரியரானார். 1917 இறுதியில் அதை விட்டு ‘தேசபக்தன்’ ஏட்டின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

அப்போது பெரம்பூரில் பின்னி கம்பெனியாரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. நெசவாலையில் ஆண்களை நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க 1911-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. நடுப்பகலில் ஓய்வு அரைமணிதான். சாப்பிட்டு, ஒளுச் செய்து, லுஹர் தொழுதுவிட்டு அரைமணிக்குள் இயந்திரத்தின் முன் வந்து நிற்க முடியுமா என்பதை ஆலைக்குப் போகும் நம் சகோதரர்களே சொல்லட்டும். செல்வபதிச் செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியால் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். ஓய்வு நேரத்தை நீட்டித் தர வேண்டும் என்பது சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று.

நம் ஃபிக்ஹு நூல்களில் இஜாரா என்றொரு பாடம் உண்டு. ஆளை அமர்த்துமுன் கூலி எவ்வளவு, வேலை என்ன அல்லது எவ்வளவு நேரம் என்பது இரு தரப்பாருக்கும் தெளிவாகியிருக்க வேண்டும். தெளிவில்லாத ஒப்பந்தம் பழுதானது. ஆனால் வேலை வாங்கியாகிவிட்டால் வழக்கிலுள்ள கூலியைக் கொடுத்தே ஆகவேண்டும். அம்பத்தூர்ப் பக்கம் பட்டறை வைத்திருப்பவரும் அதில் லேத் ஓட்டுபவரும் ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் நிற்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஓவர்டைம் கணக்கைப் பேசி முடித்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? நம்ம பையன்தானே, பார்த்துக் கொடுப்போம் என்று விட்டுவிடுவதில்தான் பாதி வழக்குகள் பிறக்கின்றன.

1920-இல் கம்பெனியார் வாடியா முதலியோர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். சங்கத்தாரைத் தடுக்கும் உத்தரவும் பெற்றனர். சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது.

1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. அதுவே பெருஞ்சோதனை. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, மற்ற இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. ஒரே ஆலையில் உழைத்தவர்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்ட இந்தச் செய்தியில் நம்மவர்க்கும் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. சாது முதலியார் என்று பெயர் பெற்ற திரு.வி.க. அமைதியையே வேண்டி நின்றவர். அவரைத்தான் நாடு கடத்துவதாகக் கவர்னர் வில்லிங்டன் எச்சரித்தார்!

வெள்ளையர் மட்டுமா? 1947-இல் மீண்டும் அதே ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, அவர் பாடுபட்டு வளர்த்த காங்கிரஸின் அரசே அவரை வீட்டுக்காவலில் வைத்தது. அப்போது வயது 64-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

மனைவி கமலாம்பிகை 1918-இலேயே காலமாகிவிட்டார்; பிறந்த குழந்தைகளும் தங்கவில்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் கண்பார்வையும் போயிற்று. சேர்த்து வைத்த சொத்து எதுவுமில்லாமல் 1953 செப்டம்பர் 17-இல் மறைந்தார். பெரம்பூர் ஆலை 1996-இல் மூடப்பட்டது.