மூச்சுக்கு ஓர் அளவுகோல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுரையீரல் நோயை அறிய மருத்துவர்க்குத் துணைநின்றவை கண்ணும் காதும் விரல்நுனியுமே. மார்பைத் தட்டிப் பார்த்தனர்; 1816இல் பிரான்சு நாட்டு லேனெக் கண்டறிந்த ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டனர். மூச்சு குறைந்திருப்பதை உணர முடிந்தது. எவ்வளவு குறைந்தது என்று கூற இயலவில்லை. அவ்வினாவுக்கு எண்ணால் விடை தந்தவர் ஜான் ஹட்சின்சன்.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரையடுத்த ரைட்டனில் 1811ஆம் ஆண்டு பிறந்த அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். அக்காலத்தில் காசநோய் எண்ணற்ற உயிர்களைப் பறித்துவந்தது. உடல் மெலிந்து நோய் வெளிப்படையாகத் தெரியும் வேளையில் அது முற்றியிருக்கும். அதற்கு முன்பே நோயைக் கண்டறிய வேண்டும் என்பது அவரது வேட்கை.

அதற்கென அவர் உருவாக்கிய கருவியே ஸ்பைரோமீட்டர் என்னும் மூச்சளவி. நீர் நிரம்பிய உருளைக்குள் மற்றோர் உருளை கவிழ்க்கப்பட்டிருக்கும். கப்பி வழியே அதற்கு எதிரெடை கட்டப்பட்டிருக்கும். ஆழ மூச்சிழுத்துக் குழாயில் ஊதினால் கவிழ்ந்த உருளை மேலெழும். எழுந்த உயரம், வெளிவந்த காற்றின் கன அளவைக் காட்டும்.

மாலுமிகள், காவலர்கள், தீயணைப்போர், படைவீரர்கள், வறியோர், செல்வர் என 2,000க்கும் மேற்பட்டோரை அவர் ஊதச் செய்தார். முடிவுகளை 1846இல் வெளியிட்டார். ஆழ இழுத்தபின் முற்றிலும் வெளியேற்றத்தக்க காற்றின் அளவுக்கு 'உயிர்ப்புத்திறன்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஐந்தடி முதல் ஆறடி வரை, உயரம் ஓரங்குலம் கூடுந்தோறும் அது ஏறத்தாழ 8 கன அங்குலம் கூடுவதைக் கண்டார். ஒருவரின் உயரத்திற்குரிய அளவு தெரிந்தமையால், அதனினும் குறைவது நோயின் அறிகுறியாயிற்று.

எனினும், அவர் அளந்தது காற்றின் அளவை. அது வெளியேறும் விரைவை அன்று. ஆஸ்துமாவால் மூச்சுக்குழல்கள் சுருங்கியவரும் போதிய நேரம் ஊதினால், சில வேளைகளில் முழு அளவையும் எட்டிவிடுவார். அவரது அடைப்பு காற்றின் தாமதத்தில்தான் வெளிப்படும். மருத்துவத்தில் இயல்பாகக் கையாளப்படும் கருவியாக மூச்சளவி மாறும் முன்பே, 1852இல் ஹட்சின்சன் இங்கிலாந்தை விட்டு ஆஸ்திரேலியா சென்றார். 1861இல் பிஜித் தீவில் ஐம்பதாம் அகவையில் மறைந்தார்.

அவர் விட்ட இடத்தை நிரப்ப ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. 1947இல் பிரான்சில் டிஃப்னோவும் பினெல்லியும் மூச்சளவியோடு கடிகாரத்தை இணைத்து, விரைந்து ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்றை அளந்தனர். நலமுள்ள இளைஞர் தம் மூச்சில் முக்கால் பங்குக்கு மேல் அந்த ஒரு நொடியில் வெளியேற்றுவார். குழல்கள் குறுகியவரால் அது இயலாது. இன்றும் மூச்சடைப்பை உறுதிசெய்ய, முதல் நொடிக் காற்றை ஹட்சின்சன் வகுத்த முழு அளவோடு ஒப்பிட்டே மருத்துவர்கள் முடிவுகாண்கின்றனர்.