ஓவியர் ஹிரோஷி யோஷிதா

மாணவச் செல்வங்களே! உழைப்பால் உயர்ந்த ஜப்பானிய ஓவியர் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஹிரோஷி யோஷிதா 1876ஆம் ஆண்டு குருமே என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே அவரிடம் விளங்கிய திறமையைக் கண்ட ஓவிய ஆசிரியர் ஒருவர், அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார். 1899இல், தம் 23ஆம் வயதில், நண்பர் ஒருவருடன் அமெரிக்கா சென்று தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்துப் பாராட்டுப் பெற்றார்.

பின்னர் அவர் உள்ளம் மரப்பலகை அச்சோவியத்தை நாடியது. இக்கலையில், செர்ரி மரப் பலகையில் படத்தைச் செதுக்குவர். நிறங்களுக்கென வேறு பலகைகளும் வேண்டும். வண்ணம் பூசிய பலகைமீது தாளை வைத்துக் கையால் அழுந்தத் தேய்ப்பர். தாள் மயிரிழை விலகினாலும் படம் கெட்டுவிடும்.

1920இல் மெய்ஜி திருக்கோயிலின் தோட்டத்தை முதல் அச்சோவியமாக அமைத்தார். ஆனால் 1923 செப்டம்பர் முதல் நாள் தோக்கியோவைப் பெரு நிலநடுக்கம் தாக்கியது. அதனைத் தொடர்ந்த தீயில், பதிப்பாளரிடம் இருந்த அவருடைய பலகைகள் யாவும் சாம்பலாயின.

அவர் மனம் தளர்ந்தாரல்லர். ஐம்பதை நெருங்கும் வயதில், 1925இல் சொந்தப் பட்டறை அமைத்தார். செதுக்குவோர், அச்சிடுவோர் ஆகியோரின் தொழில்களைத் தாமும் கற்று, ஒவ்வொரு படத்தையும் தம் மேற்பார்வையிலேயே உருவாக்கினார். 1926இல் ஒரே பாய்மரப் படகுக் காட்சியை, நிறங்களை மட்டும் மாற்றி, காலை, மூடுபனி, மாலை, இரவு எனப் பல பொழுதுகளாகக் காட்டினார்.

1927இல் அவர் படைத்தது கமெய்தோ பாலம். தோக்கியோவிலுள்ள கமெய்தோ தென்ஜின் கோயிற்குளத்தின்மேல் வளைந்து நிற்கும் பாலமும், நீரில் அதன் நிழலும் அப்படத்தில் அழகுற விளங்குகின்றன. அக்கோயிலில் வணங்கப்படுபவர், 903இல் மறைந்த மிச்சிசானே என்னும் கல்விமான். நாம் கலைமகளைத் தொழுவதுபோல, ஜப்பானிய மாணவர் தேர்வுக்கு முன் அவரை வணங்குவர்.

1930இல் தம் மகனுடன் இந்தியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் பயணம் மேற்கொண்டார். அதன் பயனாக 1931இல் நீர்சூழ்ந்த அமிர்தசரஸ் பொற்கோயிலும், நம் சிங்கப்பூரும் அவர்தம் அச்சோவியங்களாயின. 1937இல் நிக்கோவின் கோயில் வாயிலை அச்சிட, ஒரே தாளில் 96 முறை அச்சுப் பதித்தார். 1950இல் இயற்கை எய்தினார்.

செல்வங்களே! சுவா சூ காங்கில் உங்கள் வீட்டருகே நிற்கும் மரமொன்றைக் காலையிலும் அந்தியிலும் உற்றுநோக்கி வரையுங்கள். படம் பிழைபட்டால் வருந்தாதீர்கள். புதிய தாளை எடுங்கள். பலகைகள் எரிந்தபின்னும் உளியை மீண்டும் எடுத்த பெரியார் ஒருவரை இன்று அறிந்துகொண்டோம் அல்லவா?